குஞ்சு இல்லை சூசை, வளர்ந்ததுதான்

சாயல்குடி

அன்புள்ள சூசைக்கு,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு நர்சிங்கில் இடம் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, விடு.

தங்கச்சிமடத்து வேலியில் நீ எடுத்த வெட்டுக்கிளிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இறக்கை முளைக்காத குஞ்சு என்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓரளவு வளர்ந்த குஞ்சு என்றால் முதுகில் முக்கோணமாக இறக்கை மொட்டு தெரியும். அதிலும் பின்னிறக்கை மொட்டு முன்னிறக்கை மொட்டின்மேல் ஏறிக் கிடக்கும். வளர்ந்துவிட்டால், இறக்கை எவ்வளவு குட்டையானாலும் முன்னிறக்கைதான் மேலே. உன் படத்தில் இரண்டுமே இல்லை, முதுகு மொழுமொழுவென்று இருக்கிறது. சரி, பொடிக் குஞ்சுக்கும் மொட்டு தெரியாதுதான். ஆனால் அதன் முதுகில் சின்னதாக இன்னொன்று ஏறி உட்கார்ந்திருக்கிறதே, அது குட்டி இல்லை, ஆண். இணைசேரும் பருவம் வந்த பிறகு இறக்கை எங்கே முளைக்கப் போகிறது!

கூம்புத் தலை, சாய்ந்த முகம், குட்டையான உணர்கொம்பு, கண்ணுக்குப் பின்னாலிருந்து ஓடும் வெளிறிய கோடு. எல்லாம் சேர்த்துப் பார்த்தால், வளர்ந்தாலும் இறக்கை முளைக்காத ஆர்தாக்ரிஸ் பேரினம் என்றே நினைக்கிறேன். 1884-இல் பொலிவார் என்ற ஸ்பெயின்காரர் வைத்த பெயர். எருக்கஞ்செடியில் மஞ்சளும் நீலமுமாக உட்கார்ந்திருக்குமே, அதுவும் இதே குடும்பம்தான்.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி வேறு. இந்த வகை இங்கேயும் உண்டு, இலங்கையிலும் உண்டு. பறக்காத பூச்சி கடலை எப்படித் தாண்டியது? பனியுகத்தில் கடல் மட்டம் இறங்கியிருந்தபோது உங்கள் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே தரைதான். தத்தித் தத்தியே போயிருக்கும். கடல் ஏறிய பிறகு பாம்பன் கால்வாயைக்கூட அதனால் தாண்ட முடியாது, யாராவது செடியோடு ரயிலில் ஏற்றினால்தான் உண்டு. அப்படியானால் உங்கள் ராமேஸ்வரம் தீவில் இருப்பதும் எங்கள் பக்கம் இருப்பதும் ஒரே இனம்தானா?

படத்தை வைத்து மட்டும் அதைச் சொல்ல நான் துணிய மாட்டேன், ஆணின் வால் நுனியைப் பார்க்க வேண்டும். மழை பெய்து புதர் தழைத்ததும், வெயில் ஏறுவதற்குள் போய்ப் பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று, வால் பக்கம் நெருக்கமாக ஒன்று என்று எடுத்து அனுப்பு. கையால் பிடிக்காதே. பின்னங்காலைப் பிடித்தால் காலை உன் விரலிலேயே கழற்றி விட்டுவிட்டுப் போய்விடும்.

அன்புடன்,
முனியசாமி