வைக்கோலை எரிக்காமல் மாட்டுக்குப் பதப்படுத்துவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பெரும்போக அறுவடை முடிந்ததும் வயல்களில் வைக்கோலைக் குவித்து எரிக்கிறார்கள். 2022இல் கொழும்பில் பால்மாவுக்கு வரிசையில் நின்ற எங்களுக்கு அதைப் பார்க்க வயிறு எரிகிறது.

வைக்கோலில் செலுலோஸ் என்ற நார்ப்பொருள் நிறையவே இருக்கிறது. ஆனால் லிக்னின் என்ற கடினமான பொருள் அதை இறுகப் பிடித்திருப்பதால் மாட்டின் வயிற்றில் முழுதாகச் செரிப்பதில்லை. அந்தப் பிடியைத் தளர்த்தக் காரம் (அமிலத்துக்கு எதிரான இரசாயனம்) வேண்டும். கோஸ்டிக் சோடா நன்றாகவே வேலை செய்யும், ஆனால் கழுவி விடுகிற தண்ணீர் மண்ணையும் குளத்தையும் கெடுக்கும். வைக்கோலிலிருந்து எத்தனோல் எரிபொருள் எடுக்கச் சொல்லப்படும் அமில முறைக்கோ கடும் சூடும் அமுக்கக் கலனும் தேவை. விவசாயியின் வளவில் அதெல்லாம் சரிவராது.

சரிவருவது யூரியா முறைதான். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் பொலித்தீனால் மூடி 2, 3 வாரம் விட வேண்டும். யூரியா உடைந்து வருகிற அமோனியாதான் வைக்கோலை இளக்குகிறது. திறக்கும்போது நெடி மூக்கில் ஏறும். வைக்கோல் நிறம் மாறி, கைக்கு மெத்தென்று இருக்கும். ஒரு நாள் ஆறவிட்டுப் போட்டால் மாடு கூடுதலாகத் தின்னும், சுமார் 4 சதவீதமாக இருந்த புரதம் 7, 8 வரை ஏறும். ஆனால் கரைசலை மாடு குடித்தால் உயிருக்கே ஆபத்து, இளங்கன்றுகளுக்கும் இந்த வைக்கோல் கூடாது. அதனால்தான் பக்கத்தில் நின்று செய்து காட்ட ஆள் வேண்டும் என்கிறேன்.

நம் நாட்டில் 1980களிலேயே இது பற்றி ஆய்வுகள் நடந்தன. அப்படியிருந்தும் இன்னும் எரித்துக்கொண்டிருக்கிறோம்.

யூரியா விற்கிற விலைக்கு அதை வைக்கோலில் கொட்டுவதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். யூரியாவைக் குறைத்து, நீறிய சுண்ணாம்பு சேர்த்தும் செய்யலாம். மாடு தின்ற நைதரசனிலும் ஒரு பங்கு எருவாக வயலுக்கே திரும்புகிறது. எல்லா வைக்கோலையும் அள்ளவும் வேண்டாம். நெற்பயிர் எடுத்த பொட்டாசியத்தில் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது, பாதியை வயலிலேயே மக்க விடலாம்.

அடுத்த அறுவடைக்கு முன் ஒவ்வொரு கால்நடை வைத்தியர் அலுவலகமும் தன் பிரிவில் ஒரு வளவிலாவது இதைச் செய்து காட்டட்டும். பொலித்தீனையும் முதல் தடவைக்கான யூரியாவையும் அரசு மானியமாகக் கொடுக்க வேண்டும்.

வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06