மாத்திரையோடு ஆறு கேள்வியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் பிரஷர், சுகர் மாத்திரை முதியவர்களின் வீட்டுக்கே வந்துவிடுகிறது. இயன்முறை சிகிச்சையும் (பிசியோதெரபி) அதில் உண்டு. ஆனால், வேண்டும் என்று யாராவது வாய்திறந்தால்தானே? முட்டி மடங்காத பாட்டியைப் பற்றிக் கேட்டால், “வயசாச்சு, அப்படித்தான்” என்று வீட்டிலேயே முடித்துவிடுகிறார்கள்.

மாத்திரை கொண்டுபோகும் தன்னார்வலர் ஆறே கேள்வி கேட்கலாம். பிறர் உதவியின்றிக் குளிக்கிறாரா, உடுத்துகிறாரா, கழிப்பறை போய்வருகிறாரா, படுக்கையிலிருந்து எழுகிறாரா, சிறுநீர், மலம் அடக்க முடிகிறதா, தானே எடுத்துச் சாப்பிடுகிறாரா? அன்றாட வேலைகளை ஒருவர் தானே செய்துகொள்கிறாரா என்று பார்க்க, சிட்னி கேட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு 1963இல் வெளியிட்ட அளவுகோல் இது. பெரும்பாலும் முதலில் கைவிட்டுப் போவது குளியல்; சாப்பிடுவது கடைசியில்தான் போகும். ஆகவே “நல்லாத்தானே சாப்பிடுறாங்க” என்பது பதிலாகாது.

பெரிய சிக்கல் கழிப்பறை. கிராமத்தில் பெரும்பாலும் குந்தி உட்காரும் கோப்பைதான். பிடித்து எழ ஒன்றும் இருக்காது. இரவில் எழ வேண்டிவருமே என்று சாயங்காலத்தோடு தண்ணீரை நிறுத்திவிடும் பாட்டிகள் உண்டு. மலச்சிக்கல், நீர்க்கடுப்பு, எழும்போது தலைசுற்றல் எல்லாம் அதன் பின்னால் வரும். நடுவில் ஓட்டையுள்ள கமோடு ஸ்டூலைக் கோப்பைக்கு மேல் வையுங்கள். உட்காரும் உயரம் முட்டி மட்டத்துக்குக் குறையக் கூடாது. பக்கச் சுவரில் ஒன்றேகால் அங்குல ஜி.ஐ. குழாயைச் சிமெண்ட் வைத்துப் பதிக்க வேண்டும். துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழுந்தால் அது சுவரைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு வரும். கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தால் கீலை மாற்றி வெளிப்பக்கம் திறக்க வையுங்கள். உள்ளே விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். தூக்க வந்தவர்கள் வெளியே நிற்பார்கள்.

எழுவதற்குத் தொடையில் வலு வேண்டும். திண்ணை விளிம்பில் உட்கார்ந்து, பாதங்களைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, உடம்பை முன்சாய்த்து, முடிந்தவரை கையூன்றாமல் எழுந்து உட்காரலாம். காலையில் பத்து, மாலையில் பத்து.

மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில் 2017 முதல் ஏழை முதியவர்களுக்கு ஊன்றுகோல் இலவசம். முகாமில் எந்த உயரத்தில் கொடுத்தார்களோ அதே உயரத்தில்தான் பலர் ஊன்றுகிறார்கள். வழக்கமாகப் போடும் செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், பிடி மணிக்கட்டு மடிப்பில் நிற்க வேண்டும். உயரம் கூடினால் தோள் தூக்கும், குறைந்தால் முதுகு வளையும். தடியிலுள்ள பொத்தானை அமுக்கி அடுத்த துளைக்கு நகர்த்த அரை நிமிடம் போதாதா? வலிக்கும் கால் பக்கமே தடியைப் பிடிப்பதும் தவறு. வலது முட்டி வலித்தால் தடி இடது கையில். தடியும் வலிக்கும் காலும் சேர்ந்து முன்னே போக வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில்.

அடியிலுள்ள ரப்பர் தேய்ந்து வழவழப்பானால் ஈரச் சிமெண்டுத் தரையில் தடியே ஆளைச் சாய்த்துவிடும். தன்னார்வலர் மாத்திரையைக் கொடுத்த கையோடு அந்தத் தடியையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு வரட்டும்.

இப்படிக்கு,
கிராமப்புற இயன்முறை மருத்துவர்கள் சிலர்,
தருமபுரி மாவட்டம்.