ஒரே பெயரில் இரண்டு மெஷின்

அன்புள்ள கண்ணா,

உன் மெயில் கிடைத்தது. முட்டி வலி தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம், அதற்காக உடனே மாடிப்படி ஏற ஆரம்பித்துவிடாதே. உன் பெயர்க்காரர் யாரோ திருப்பூரில் மோட்டார் பம்ப் வாங்க, பில் உன் மெயிலுக்கு வருகிறதே, அதைப் படித்து வீட்டில் எல்லோரும் சிரித்தோம். எனக்கு யூயூசிபி, அதாவது மெஷினுக்கு மெஷின் மெயிலைக் கைமாற்றிய அந்தப் பழைய முறை, ஞாபகம் வந்துவிட்டது. நாம் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தக் காலம் முடியும் தறுவாயில் இருந்ததால் ஒழுங்காகத் தெரிந்துகொள்ளவில்லை அல்லவா, நேற்று ராத்திரி ஒரு மணி வரை அதில் கடிதத்துக்கு வழி கண்டுபிடித்துத் தந்த பாத்அலியாஸ் என்ற புரோகிராமின் கதையைத் தோண்டிக்கொண்டிருந்தேன்.

அன்று மெஷினும் மெஷினும் மோடத்தில் போன் போட்டுக் கடிதத்தைக் கைமாற்றும். முகவரி என்று தனியாக ஒன்றில்லை, போகும் வழிதான் முகவரி. சீஸ்மோ!எம்சிவேக்ஸ்! என்று ஆச்சரியக்குறி போட்டுப் போட்டு, எந்தெந்த மெஷின் வழியாகப் போகவேண்டும் என்பதை அனுப்புகிறவரே எழுதவேண்டும். (சீஸ்மோ அமெரிக்காவில் நிலநடுக்க ஆய்வு மையத்தில் இருந்தது, எம்சிவேக்ஸ் ஆம்ஸ்டர்டாமில்.) நம் ஊரில் பிள்ளையார் கோயில் ஸ்டாப்பில் இறங்கி டீக்கடையில் கேள், முருகேசன் வீட்டைக் காட்டுவார்கள் என்போமே, அதே கதை. ஊரில் நாலு முருகேசன் இருக்கட்டும், அந்த டீக்கடைக்குத் தெரிந்தவர் ஒருவர்தான். அதனால் ஒரே பெயரில் எத்தனை மெஷின் இருந்தாலும், ஒரே மெஷினின் பக்கத்தில் இரண்டு வராதவரை ஒரு குழப்பமும் இல்லை. நீளமாகப் பெயர் வைத்துத் தப்பிக்கவும் வழியில்லை, பழைய யூயூசிபி சிலவற்றில் முதல் ஆறேழு எழுத்துதான் கணக்கு.

வசதி வந்தபோதுதான் வம்பும் வந்தது. ஒவ்வொரு இடத்தாரும் தங்கள் மெஷினுக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார்கள்: பெயர், நிறுவனம், பொறுப்பாளர், போன் நம்பர், அட்சரேகை தீர்க்கரேகைகூட, கீழே, யாரோடு எவ்வளவு அடிக்கடி பேசும் என்று. இந்தக் குறிப்புகளெல்லாம் சேர்ந்த வரைபடத்தை முழுக்கப் படித்து, நம் மெஷினிலிருந்து எல்லா மெஷினுக்கும் மலிவான வழியைக் கணக்குப் போட்டுத் தரும் புரோகிராம்தான் ஸ்டீவ் பெல்லோவினும் பீட்டர் ஹனிமேனும் எழுதிய பாத்அலியாஸ். மணிக்கொருமுறை பேசினால் செலவு 500 (பணமல்ல, வழிகளை ஒப்பிட வைத்த எண்), மாலையில் மட்டும் என்றால் 1800, நாளுக்கொருமுறை என்றால் 5000. நாளுக்கு 24 மணி, ஆனால் செலவு 10 மடங்குதான், பார்த்தாயா? ஒவ்வொரு கைமாறலுக்கும் தாமதம் உண்டு, அதையும் சேர்த்துப் போட்ட மதிப்பு. இந்த மாதிரிக் கண்திட்டக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இனி வழியை எழுதவேண்டாம், பெயர் போதும். சரி, அந்தப் பெயரில் இரண்டு இருந்தால்? புரோகிராமுக்கு இரண்டும் ஒன்றுதான். கிழக்குக் கரையில் ஒரு முருகேசன், மேற்குக் கரையில் ஒரு முருகேசன் என்று வை, இரண்டு பேருடைய பக்கத்து வீடுகளையும் ஒரே ஆளுக்குச் சேர்த்துவிடும். நடுவே இல்லாத பாலம் ஒன்று முளைக்கும், இந்த இருவரோடும் சம்பந்தமே இல்லாத மூன்றாம் ஆளின் கடிதம் அந்தப் பாலம் வழியே குறுக்கே போகக் கிளம்பி நடுவழியில் நிற்கும்!

இதற்குப் பரிகாரமாக ‘பிரைவேட்’ என்று ஓர் அறிவிப்பு வைத்தார்கள். அப்படி அறிவித்த பெயர் அந்த ஃபைலுக்குள் மட்டும் செல்லும், வெளியே அதே பெயரில் இருப்பது வேறு ஆள். பிரைவேட் மெஷின் வழியாகக் கடிதம் போகலாம், ஆனால் கடைசிப் பட்டியலில் அதன் பெயர் வராது. அழகான யோசனை. ஆனால் யார் பிரைவேட் ஆவது? யாருக்குத்தான் தன் பெயரை விட மனசு வரும்?

அதைவிட மோசம், அனுப்புகிறவர் கவனமாக முழு வழியும் எழுதியிருந்தாலும், நடுவிலிருந்த சில மெஷின்கள் ‘எனக்கு இதைவிட நல்ல வழி தெரியும்’ என்று கடைசிப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு வழியை மாற்றி எழுதின. கடிதம் இன்னொரு முருகேசனிடம் போகும். அங்கேயும் அதே லாகின் பெயரில் ஒருவர் இருந்துவிட்டால் திரும்பிக்கூட வராது, யாரோ படித்துவிட்டுக் குழம்புவார். அதிகப்பிரசங்கி என்று நம்மூரில் சொல்வது இதைத்தான்.

அப்புறம் டொமைன் வந்தது. 1986 பிப்ரவரியில் மார்க் ஹார்ட்டன் (இப்போது மேரி ஆன் ஹார்ட்டன்) எழுதிய ஆர்எஃப்சி 976 என்ற இணைய விதிமுறை ஆவணம், யூயூசிபி மெஷின்களுக்கும் டொமைன் பெயர் வைக்க வழி சொன்னது. பெயரோடு இடத்தையும் சேர்த்துவிட்டால் மோதல் அந்த இடத்துக்குள் மட்டும்தான், அதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நாம் இனிஷியல் போடுவதும் இதற்குத்தானே, என்ன, நமக்கு முன்னால் வரும், அவர்களுக்குப் பின்னால். உனக்கும் திருப்பூர்க்காரருக்கும் இனிஷியலும் ஒன்றாக அமைந்தது உன் ராசி.

பில்லில் அவர் போன் நம்பர் இருக்கும், கூப்பிட்டுச் சொல்லிவிடு. பம்ப்புக்கு வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும்.

அன்புடன்,
சேது