ஊருணிக்கு இன்னும் ரூ.2,66,000 வேண்டும்

கொள்ளுக்குடிப்பட்டியில் பிறந்தவர்களுக்கும், பெண் கொடுத்து எடுத்த உறவினர்களுக்கும் வணக்கம்.

மண் அள்ளும் இயந்திரக்காரர் புரட்டாசி 15 வரைதான் தவணை தந்திருக்கிறார். அதற்குள் பணம் சேராவிட்டால் ஊருணியைத் தூர்வாரும் வேலை நின்றுவிடும். வெட்டிக் கரையில் குவித்த மண் ஐப்பசி மழையில் திரும்ப ஊருணிக்குள் இறங்கிவிடும்.

நம் ஊரைத் தெரியாத இளைய தலைமுறைக்காகச் சொல்கிறோம். சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் வட்டத்தில் பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டிக் கண்மாய்கள் மூன்றையும் சேர்த்து 1977இல் அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. மழைக்காலம் தொடங்கியதும் கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் வக்காவும் வந்து கூடு கட்டும். குஞ்சுகள் மிரளக் கூடாது என்பதற்காக நம் பாட்டன்மார் தீபாவளிக்கு வெடி வெடிக்கவில்லை; கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் கூட வெடிக்கவில்லை. வேட்டங்குடி என்ற பெயரில்தான் வேட்டு, ஊரில் கிடையாது. தீபாவளிக்கு வனத்துறையினர் இனிப்போடு வந்து நம் பிள்ளைகளைப் பாராட்டுவது எந்த ஊருக்குக் கிடைக்கும்? அந்தப் பறவைகளும் சும்மா தங்குவதில்லை. எச்சம் கலந்த கண்மாய்த் தண்ணீர் பாயும் வயலுக்குத் தனியாக உரம் எதற்கு என்பார்கள் பெரியவர்கள்.

கண்மாயைப் பார்க்க வனத்துறை இருக்கிறது. ஊருணியை நாம்தான் பார்க்க வேண்டும். இந்த ஆடியில் முளைப்பாரி கரைக்க அதில் முழங்கால் தண்ணீர் கூட இல்லை. லாரித் தண்ணீரைத் தொட்டியில் நிரப்பிக் கரைத்தோம். அம்மன் பொறுத்துக்கொண்டாள், நமக்குத்தான் கூசியது.

தூர்வார ரூ.2,40,000. படித்துறைக்கு ரூ.3,10,000. கம்பிவேலிக்கு ரூ.95,000. ஆக மொத்தம் ரூ.6,45,000. தலைக்கட்டுக்கு, அதாவது வரி கட்டும் குடும்பம் ஒன்றுக்கு, ரூ.2,000 என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்தோம். 118 தலைக்கட்டில் 97 கட்டிவிட்டார்கள், அது ரூ.1,94,000. நன்கொடையாக வந்தது ரூ.1,85,000.

சிங்கப்பூரில் கட்டட வேலை செய்யும் நம் தம்பிகள் ஓவர்டைம் பணத்தைச் சேர்த்து ரூ.60,000 அனுப்பினார்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கும் நான்கு பெண்கள், பிறந்த ஊருக்கு வரி இல்லை என்று தெரிந்தும், ஆளுக்கு ரூ.5,000 தந்தார்கள். கீழத்தெருப் பாட்டி ஒருவர் இரண்டு வெள்ளாட்டை விற்று, "என் பங்கு" என்று முடிச்சை அவிழ்த்தார். அவருக்கு ரசீது எழுதிய பொருளாளருக்குக் கை ஓடவில்லை. இவர்கள் குடும்பங்கள் தலைமுறைக்கும் தழைக்க வேண்டும்.

பாக்கியுள்ள 21 தலைக்கட்டில் மாடி வீடுகளும் உண்டு. யாரென்று நாங்கள் எழுதவில்லை. ஆனால் வரவு செலவுப் பட்டியல் புரட்டாசி முதல் செவ்வாயன்று கோயில் மந்தையில் வாசிக்கப்படும், வழக்கம்போல் கட்டாதவர்கள் பெயரும் சேர்த்து. கஷ்டப்படுகிறவர்கள் முன்கூட்டியே வந்து சொன்னால் அறுவடை வரை தவணை தருவோம். பணமாக முடியாதவர்கள் ஞாயிறு காலை மண்வெட்டியோடு வரலாம். ஒரு நாள் வேலை ரூ.500 என்று கணக்கில் வைப்போம்.

ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஊருணிச் சீரமைப்புக் குழுவினர்