கதவின் உட்பக்கம்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், பழைய மர பீரோவுக்கு வெள்ளை பெயின்ட் அடித்து வரவேற்பறையில் வைப்பது எப்படி என்று படத்தோடு போட்டிருந்தீர்கள். படம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் பழைய பூச்சு முழுவதையும் மெஷின் போட்டு எடுத்துவிடச் சொன்ன இடத்தில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்த வேலையைக் காசு கொடுத்துச் செய்து நொந்தவள் நான்.

என் அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். 1952-ல் சேர்ந்து 1986-ல் ஓய்வு பெற்றார். அந்த ஒர்க்‌ஷாப் 1928 வாக்கில் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு மாறியபோது அதோடு கூடவே வந்தவர் தாத்தா. அப்பாவிடம் ஒரு 'டூல்ஸ் பீரோ' இருந்தது. நாலரை அடி உயரம், இரண்டு கதவு, உள்ளே ஒன்பது இழுப்பறை. இரும்பு ரயில் பெட்டிகள் வந்து மர ரயில் பெட்டிகளைக் கழித்துக் கட்டிய காலத்தில் ஏலத்தில் எடுத்த தேக்கு. பக்கப் பலகை ஒன்றில் பழைய திருகு ஓட்டைகள் வரிசையாக இருக்கும். சாமான் வைக்கும் தட்டு மாட்டியிருந்த இடமாம். அப்பா போனபிறகு தம்பிகள் இருவருமே, "எங்க ஃப்ளாட்ல இடம் எங்கக்கா இருக்கு" என்றார்கள். பீரோ என் வீட்டுக்கு வந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, மாதிரிக்குப் பார்க்கலாமே என்று இடது கதவை மட்டும் கழற்றி ஒரு பாலிஷ் பட்டறைக்குக் கொடுத்தேன். நாலு நாளில் கண்ணாடி மாதிரி திரும்பி வந்தது. திருப்பிப் பார்த்தேன், உட்பக்கமும் கண்ணாடிதான். அங்கேதான் அப்பா முப்பது வருஷமாகப் பென்சிலால் கடன் கணக்கு எழுதியிருந்தார். யார், என்ன கருவி, எந்தத் தேதி. திரும்பி வந்தால் ஒரு கோடு. உப்புத்தாள் மெஷின் பத்து நிமிஷத்தில் எல்லாரையும் அழித்துவிட்டது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. உட்பக்கத்தைத் தொடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

சரி, மீதியை நானே பார்த்துக்கொள்வது என்று இறங்கினேன். வலது கதவின் உட்பக்கத்தில் அங்குலப் பின்னங்களுக்கு எதிரே தசமம் எழுதிய அட்டவணை இருக்கிறது. 1/64 என்றால் 0.0156, அப்படியே இறங்கி 1 வரை. அதன் பக்கம் ஈரத்துணிகூடப் போகவில்லை. வெளிப்பக்கத்தில் மட்டும், கண்ணுக்குப் படாத மூலையில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வைத்துப் பார்த்தேன். பூச்சு பிசுபிசுவென்று இளகியது. அரக்கு பாலிஷ் என்றால் அப்படித்தான் இளகும். இளகுகிறது என்றால் சுரண்டவே தேவையில்லை. செதில் அரக்கை ஸ்பிரிட்டில் ஒரு ராத்திரி ஊறவைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, பஞ்சை உள்ளே வைத்த துணி உருண்டையால் மெல்லிசாகத் தேய்த்துக்கொண்டே போனால் புதுப்பூச்சு பழையதோடு ஒன்றாகக் கலந்துவிடுகிறது. மழை நாளில் மட்டும் செய்யாதீர்கள், பால் மாதிரி வெளுத்துவிடும். எனக்கு வெளுத்தது. மறுபடி வெயில் நாளில் செய்தேன்.

இரண்டு இழுப்பறை மூட்டு விட்டிருந்தது. நான் ஃபெவிகால் டப்பாவோடு உட்கார்ந்ததைப் பார்த்து எங்கள் தெரு ஆசாரி சத்தம் போட்டார். அது வச்சிரம், அதாவது மிருகத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் பசை, காய்ச்சி ஒட்டிய மூட்டு. பழைய வச்சிரத்தின் மேல் ஃபெவிகால் சரியாகப் பிடிக்காது என்றார். வெந்நீர்த் துணி சுற்றி வைத்தால் வச்சிரம் தானே இளகும், கழற்றித் துடைத்துத் திரும்பவும் வச்சிரமே போடலாம். நாற்றம் இரண்டு நாள் வீட்டை விட்டுப் போகவில்லை, அது வேறு கதை. இறுகிக் கிடந்த இழுப்பறைகளின் அடிவிளிம்பில் மெழுகுவத்தியைத் தேய்த்ததோடு சரி, விரலால் தள்ளினால் ஓடுகிறது.

கருவிகளைச் சும்மா மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, மெஷின் எண்ணெய் பூசினேன். அப்பா மெட்ராஸ் போகும்போதெல்லாம் மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் கடைகளைத் துழாவி வாங்கியவை பாதி. அதில் 1/2 W என்று பொறித்த ஸ்பேனர் ஒன்றைப் பார்த்துவிட்டு, "இது அரை அங்குலம் இல்லையே, தப்பா அடிச்சிருக்காங்க" என்றார் என் மாப்பிள்ளை. தப்பில்லை. W என்றால் விட்வொர்த், பழைய ஆங்கிலேயத் திருகு அளவு முறை. அந்த ஸ்பேனரில் எழுதியிருப்பது போல்ட்டின் தண்டு அளவு, வாயின் அகலம் அல்ல. வாய் 0.92 அங்குலம் இருக்கும். மெட்ரிக் சட்டம் 1956-லேயே வந்தாலும் ஆங்கிலேயர் காலத்து எஞ்சின்களுக்கு இந்த ஸ்பேனர்தான் வேண்டியிருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். பன்னிரண்டு அங்குல ஸ்டீல் ஸ்கேலில் மூன்றே இடத்தில், சம இடைவெளியில், துரு குழி விழுந்திருந்தது. முதலில் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது, வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அம்மா சந்தனம் குங்குமம் வைத்த இடங்கள் அவை. மறுநாள் அப்பா துடைத்து எண்ணெய் போடுவார்தான், ஆனாலும் ஒரு ராத்திரி ஈரம் அதன் வேலையைச் செய்திருக்கிறது. அந்தக் குழிகளை நான் தேய்க்கவில்லை.

ஆகவே அந்தக் கட்டுரையின் அடியில், மெஷினை எடுப்பதற்கு முன் கதவின் உட்பக்கம், இழுப்பறையின் அடிப்பக்கம், பின்பலகை எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி சேர்த்துப் போடுவீர்களா? பெயின்ட் அடிப்பதும் அடிக்காததும் அவரவர் இஷ்டம்.

இன்னொரு வேண்டுகோள், பொன்மலை வாசகர்களுக்கு. அப்பா தன் கருவிகளில் பஞ்ச் என்ற புள்ளி குத்தும் இரும்புக் கருவியால் முக்கோணமாக மூன்று புள்ளி அடித்து வைப்பார். அப்படி ஏதாவது உங்கள் வீட்டுப் பெட்டியில் கிடந்தால் அது கடன் வாங்கியது. திருப்பித் தர வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியது யார், ஏறக்குறைய எந்த வருஷம் என்று மட்டும் இந்தப் பகுதிக்கு எழுதிப் போடுங்கள். இடது கதவில் பென்சிலால் எழுதிக்கொள்கிறேன்.

– ஓய்வு பெற்ற ஆசிரியை,
பொன்மலைப்பட்டி, திருச்சி.