எங்கள் விமானத்தின் இறக்கை இடுக்குகளை மூட உதவிய எல்லாருக்கும் நன்றி

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

பெங்களூரு ஜக்கூர் விமான தளத்து ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) நண்பர்கள் சேர்ந்து கட்டிய எங்கள் இரண்டு சீட் விமானத்துக்கு, இறக்கை இடுக்குகளை மூடும் வேலை முடிந்தது. அதற்கான சோதனைப் பறப்புகளும் நல்லபடியாக முடிந்துவிட்டன. உதவியவர்களில் பாதிப் பேர் "பேரெல்லாம் எதுக்குப்பா" என்று சொல்லிவிட்டீர்கள். சரி, பெயர் போடவில்லை. ஆனால் யார் என்ன செய்தீர்கள் என்பதை நாலு பேர் அறியச் சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை.

"விமானம்தான் ஏற்கெனவே பறக்குதே, இதுக்கு மேல என்ன ஒட்டுறீங்க?" என்று வீட்டில் பலரும் கேட்டார்கள். பறக்கும்போது இறக்கைக்குக் கீழே காற்றழுத்தம் கூடுதல், மேலே குறைவு. அந்த வித்தியாசம்தான் விமானத்தைத் தூக்கிப் பிடிக்கிறது. எங்கள் விமானம் முழுச் சுமையோடு 450 கிலோ, இறக்கைப் பரப்பு 12 சதுர மீட்டர். சராசரியாக ஒரு சதுர மீட்டர் தாங்குவது 37.5 கிலோ. தண்ணீர் உயரமாகச் சொன்னால் 4 சென்டிமீட்டர்கூட இல்லை. கேட்பதற்கு அற்பமாக இருக்கும். ஆனால் கணக்குப் போட்டால், அந்த அழுத்தமே ஒரு திறந்த இடுக்கு வழியாகக் காற்றை மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் பீய்ச்சும். கீழ்க்காற்று அப்படி மேலே கசிந்தால் அந்த வித்தியாசம் அங்கே குறைந்துபோகும். எங்கள் இறக்கை கேபினோடு சேரும் இடத்தில் ஒரு விரல் நுழையும். இறக்கையின் பின் ஓரத்தில் கீலில் மேலும் கீழும் அசைந்து விமானத்தைச் சாய்க்கும் பலகைதான் எய்லரான். அதற்கும் இறக்கைக்கும் நடுவே 8 மில்லிமீட்டர். எய்லரான் பின்பக்கம் இருப்பதால் நேராகப் போகும்போது அங்கே கசிவு குறைவுதான். விமானத்தைச் சாய்க்க எய்லரானைக் கீழே இறக்கியதும், கீலுக்கு மேலே உறிஞ்சல் கூடிவிடும். அதாவது எய்லரானின் முழுப் பலமும் வேண்டிய அந்த நேரத்தில்தான் கசிவும் அதிகம்.

பெங்களூரு வேறு கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரம். 32 டிகிரி வெயில் அடிக்கும் ஏப்ரல் மதியத்தில் இங்கே ஓடுபாதையில் நிற்கும் விமானத்துக்கு 5,500 அடிக்கும் மேலே இருப்பது போன்ற மெல்லிய காற்றுதான் கிடைக்கும். சிறிய என்ஜினை வைத்துக்கொண்டு இங்கே பறக்கிறவர்களுக்கு வீணாகக் கசியும் காற்று ஒவ்வொன்றும் கணக்குதான்.

முதல் நன்றி அல்சூர் ஐயாவுக்கு. இளவயதில் ஒரு ஃப்ளையிங் கிளப்பில் புஷ்பக் விமானங்களுக்குத் துணி போர்த்தியவர். 1958-இல் முதன்முதலாகப் பறந்த, நம் ஹெச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை கட்டிய அதே புஷ்பக்தான். இறக்கையின் விலாச் சட்டத்தோடு (ரிப்) துணியைத் தைக்கும் முடிச்சை இன்றும் கண்ணால் பார்க்காமல் விரலாலேயே போடுகிறார். நாங்கள் வரைபடத்தை விரித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இது: "எதையெல்லாம் மூடப் போறீங்கன்னு அப்புறம் சொல்லுங்க. எதையெல்லாம் மூடாம விடப் போறீங்க?"

ஐயா, அந்தக் கேள்விக்கு நாங்கள் என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். மெதுவாகத் தரையிறங்க இறக்கையின் பின்பக்கம் கீழே இறக்கும் பலகையான ஃப்ளாப்புக்கு முன்னால் இருக்கும் வளைந்த சந்து கசிவு இல்லை. ஃப்ளாப்பை இறக்கும்போது கீழ்க்காற்று அந்தச் சந்து வழியாக மேலே வந்து, ஃப்ளாப்பின் முதுகோடு ஒட்டி ஓடினால்தான் அது வேலை செய்யும். அதை மூடினால் தரையிறங்கும் வேகமே ஏறிவிடும். சில விமானங்களில் எய்லரான் மேலே போகும்போது அதன் மூக்கு (முன் ஓரம்) வேண்டுமென்றே கீழே நீட்டிக்கொண்டு வரும், அந்த வகை உள்ளவர்கள் கண்ணை மூடிக்கொண்டு டேப் ஒட்டக் கூடாது. இறக்கையின் அடியில் இருக்கும் தண்ணீர் வடியும் ஓட்டைகளைத் தொடவே கூடாது. இவை எல்லாவற்றையும் ஒரு சாக்பீஸை வைத்துக்கொண்டு இறக்கையிலேயே குறித்துக் காட்டினீர்கள். எய்லரான் இடுக்கும், கேபின் ஓர இடுக்கும் மட்டும் மிஞ்சின. எங்கள் வேலை அங்கேயே பாதி முடிந்துவிட்டது என்று நான் நினைக்கிறேன்.

அடுத்தது சிவாஜிநகர் தையல் கடை அண்ணன். எய்லரான் இடுக்கின் அடிப்பக்கத்தில் ஒட்டுவது மெல்லிய பாலியஸ்டர் துணிப் பட்டை. ஒரு ஓரம் இறக்கையில், மறு ஓரம் எய்லரானில். எய்லரான் முழுதாக மேலே போனால் அடிப்பக்க இடுக்கு விரியும், பட்டை இழுபடக் கூடாது. கீழே வந்தால் இடுக்கு சுருங்கும், பட்டை கசங்கி நடுவில் மாட்டக் கூடாது. பறக்கும்போது மாட்டினால் விமானி கையில் பிடிக்கும் ஸ்டிக் அசையாது, அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. அண்ணன் ஹேங்கருக்கே வந்து, எய்லரானை மேலும் கீழும் ஆட்டச் சொல்லி, இஞ்ச் டேப்பால் இரண்டு கோடியிலும் அளந்தார். "லூஸ் வேணும், ஆனா தொங்கக் கூடாது, அவ்ளோதானே" என்றார். நடுவில் ஒரே ஒரு மடிப்பு வைத்து, அது இடுக்குக்குள் மேல்நோக்கி மடங்கும்படி இஸ்திரி போட்டுத் தந்தார். பட்டையின் ஓரங்களை ஜிக்ஜாக் கத்தரியால் வெட்டியதைப் பார்த்து ஐயாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. விமானத் துணிப் பட்டைக்கும் ஓரம் பிரியாமல் இருக்க அப்படித்தான் வெட்டுவார்கள். கூலி வாங்க மறுத்துவிட்டீர்கள் அண்ணா. அது எங்களுக்குக் கடனாகவே இருக்கிறது.

பீன்யா லேத் பட்டறை நண்பருக்கும் நன்றி. எய்லரான் கோணத்தை அளக்க அவர் செய்து தந்த அலுமினியப் பிடி இல்லாவிட்டால், பட்டை ஒட்டும் முன்னும் பின்னும் அதே கோணம்தான் வருகிறது என்று உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. எய்லரானைக் கழற்றி, கீலில் தொங்கவிட்டு எடைச் சமநிலை பார்க்கவும் அவரே தாங்கி செய்து கொடுத்தார். கீலுக்குப் பின்னால் சில கிராம் கூடினாலும் வேகத்தில் எய்லரான் படபடக்கத் தொடங்கலாம். அந்த ஃப்ளட்டர் வந்தால் இறக்கையே தாங்காது. அதனால்தான் பட்டையின் அகலமான பக்கத்தை இறக்கையிலும் குறுகிய பக்கத்தை எய்லரானிலும் வைத்தோம்.

காற்றுச் சுரங்க ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் அக்கா, உங்கள் யோசனைக்குச் செலவு மிகக் குறைவு, பலன் மிகப் பெரிது. சிக்பேட்டையில் வாங்கிய சிவப்பு உல்லன் நூலைத் துண்டு துண்டாக வெட்டி, இறக்கையின் மேல்பக்கம் வரிசையாக ஒட்டச் சொன்னீர்கள். பக்கத்தில் ஒரு கேமரா. முன்பு எடுத்த வீடியோவில், மெதுவாகப் பறக்கும்போது கேபின் ஓரத்து நூல்கள் பின்னோக்கிப் படியாமல் சுழன்று சுழன்று முன்பக்கம் திரும்பின. எய்லரான் முதுகில் இருந்தவை துடித்தன. மூடிய பிறகு எடுத்ததில் அதே வேகத்தில் கேபின் ஓர நூல்கள் வாரி விட்ட தலைமுடி போலப் படிந்து கிடக்கின்றன. அந்த வீடியோவை நான் எத்தனை பேருக்குக் காட்டினேன் என்று எனக்கே தெரியாது.

கேப்டன் மேடம், உங்கள் பொறுமைக்குத் தனியாக ஒரு வணக்கம். வெயில் ஏறும் முன், காற்று அசையாத விடியற்காலையில் மட்டும்தான் பறப்பேன் என்றீர்கள். இரண்டு இறக்கையிலும் ஒரே மாதிரி ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கையால் தடவிப் பார்த்தீர்கள், ஏனென்றால் ஒரு பக்கம் மட்டும் பிரிந்தால் ஸ்டாலில் (வேகம் மிகக் குறைந்து இறக்கை தூக்கும் பலத்தை இழக்கும்போது) விமானம் அந்தப் பக்கமே சாயலாம். முதலில் நல்ல உயரத்தில் ஸ்டால். அப்புறம் வேகத்தை மணிக்குப் பத்துப் பத்து கிலோமீட்டராக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் ஸ்டிக்கை லேசாகத் தட்டி, அதிர்வு உடனே அடங்குகிறதா என்று பார்த்தபிறகே அடுத்த படி. இறங்கி வந்து நீங்கள் சொன்னதை அப்படியே லாக்புக்கில் எழுதியிருக்கிறோம்: சாய்வு முன்பைவிட உடனே கிடைக்கிறது, ஸ்டிக் கொஞ்சம் கனக்கிறது, ஸ்டாலில் மூக்கு நேராக இறங்குகிறது, கேபினில் விசில் சத்தம் இல்லை. வேகம் கூடியதா என்று நாங்கள் ஆசையாகக் கேட்டபோது, "முள் ஆடுற அளவுக்குள்ளதான் இருக்கு, கூடிச்சுன்னு எழுதாதீங்க" என்றீர்கள். எழுதவில்லை மேடம். மெதுவாகப் பறக்கும்போது கை சொன்னபடி கேட்கும் விமானம் கிடைத்ததே எங்களுக்குப் போதும்.

மாற்றத்தை வரைபடத்தோடும் எடைக் கணக்கோடும் எழுதித் தரச் சொல்லி, ஒவ்வொரு பக்கத்தையும் உட்கார்ந்து படித்த ஆய்வாளருக்கும், இருட்டோடு கேட்டைத் திறந்துவிட்ட வாட்ச்மேன் அண்ணாவுக்கும் நன்றி. சாயங்காலங்களை எல்லாம் ஹேங்கருக்கே விட்டுக்கொடுத்த எங்கள் வீட்டாருக்கு எவ்வளவு சொன்னாலும் தகும்.

வீட்டிலேயே விமானம் கட்டுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், தாராளமாக வந்து பாருங்கள். பட்டையின் மாதிரித் துண்டும் கோணம் அளக்கும் பிடியும் ஹேங்கரிலேயே இருக்கின்றன. எங்கள் அளவை அப்படியே எடுத்துக்கொண்டு போகாதீர்கள், உங்கள் எய்லரானை நீங்களே அளக்க வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் ஓரங்கள் பிரிந்திருக்கிறதா என்று பார்க்கப் பட்டையைச் சோதிக்கப் போகிறோம், அன்றைக்கு வந்தால் இன்னும் நல்லது.

உதவிய எல்லாரும் வருகிற ஞாயிறு மதியம் அல்சூரில் எங்கள் வீட்டுக்குக் குடும்பத்தோடு சாப்பிட வர வேண்டும். தையல் கடை அண்ணன் கடையைச் சாத்திவிட்டு வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
ஜக்கூர் ஹேங்கர் நண்பர்கள் சார்பாக,
பெங்களூரு