தேனிலவு ஓட்டல்: அறைக்கு முன்னால் பேட்டையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் புதுமணத் தம்பதிகளுக்கு ஏற்ற பெருநகர ஓட்டல்கள் என்று ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். தில்லிக்கும் சில ஓட்டல்கள் இருந்தன. படங்கள் பளபளவென்று இருந்தன. கட்டில் மேல் ரோஜா இதழில் இதயம், துண்டை மடித்துச் செய்த ஜோடி அன்னம், ஒரு கேக். வாடகை 'இவ்வளவு முதல்' என்று ஒரு தொகை. ஆனால் அந்த ஓட்டல் ஊரில் எந்தப் பக்கம் இருக்கிறது, பக்கத்தில் எந்த மெட்ரோ நிலையம், ராத்திரி எட்டு மணிக்கு வாசலில் இறங்கி நடக்க முடியுமா என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. தெரியாத ஊரில் புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் திண்டாடுவது பெரும்பாலும் இந்த விடுபட்ட வரியால்தான். அதனால்தான் எழுதுகிறேன்.

மத்திய அரசு வேலையில் என் காலம் முழுக்கத் தில்லியில் போயிற்று. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ், மலை மந்திர் முருகன் கோயில், கரோல் பாக் காய்கறிக் கடை என்று வாழ்ந்தவள். ஓய்வு பெற்று மயிலாடுதுறைக்கு வந்த பிறகும் தை பிறந்தால் போன் வர ஆரம்பித்துவிடும். "பெரியம்மா, சிம்லா போறாங்க, வழியிலே தில்லியிலே ரெண்டு நாள். நல்ல ஓட்டலா ஒண்ணு சொல்லுங்க." பட்ஜெட் எவ்வளவு என்று நான் கேட்பதில்லை. எந்த ஸ்டேஷனில், எத்தனை மணிக்கு இறங்குகிறார்கள் என்றுதான் கேட்பேன். அப்புறம், அங்கிருந்து எந்தப் பக்கம் கிளம்புகிறார்கள் என்று. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதி ஓட்டல்கள் தானாகவே கழிந்துவிடும்.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் சென்னையில் இரவு 10 மணிக்குப் புறப்பட்டு, மூன்றாம் நாள் காலையில் புது தில்லி ஸ்டேஷனில் இறக்கிவிடும். கன்னியாகுமரியிலிருந்து வரும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் அங்கே போகாது. ஹஸ்ரத் நிஜாமுதீனோடு சரி. இரண்டு ஸ்டேஷனுக்கும் நடுவே பல கிலோமீட்டர். 'ரயில் நிலையம் அருகில்' என்று விளம்பரத்தில் பார்த்து ரூம் போடுகிறவர்கள் எந்த ரயில் நிலையம் என்று கேட்பதே இல்லை.

அதைவிடப் பெரிய தொல்லை நேரம். காலையில் இறங்குகிறார்கள். ஓட்டலில் அறை கொடுப்பது பகல் 12 மணிக்கு, சில இடங்களில் 2 மணிக்கு. இரண்டு ராத்திரி ரயிலில் வந்த பெண் குளிக்கவும் முடியாமல், கையில் மெஹந்தியும் கழுத்தில் புது மஞ்சள் கயிறுமாக ரிசப்ஷன் சோபாவில் நாலைந்து மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். போகிற வருகிறவனெல்லாம் பார்ப்பான். முன்கூட்டியே போன் செய்து காலையிலேயே அறை கிடைக்குமா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்வேன். கூட்டமான சீசன் என்றால் முந்தின ராத்திரிக்கும் சேர்த்தே வாடகை கட்டிவிடுவது மேல். கேக்குக்கும் ரோஜாவுக்கும் கொடுக்கிற பணத்தை இதற்குக் கொடுக்கலாம்.

போகிற பக்கமும் அப்படித்தான். சிம்லாவுக்கு என்றால் கால்கா சதாப்தி புது தில்லியிலிருந்து காலை எட்டு மணிக்குள் புறப்பட்டுவிடும். தாஜ்மகாலைப் பார்த்துவிட்டு வர நினைத்தால் கதிமான் எக்ஸ்பிரஸ் நிஜாமுதீனிலிருந்து காலையில் கிளம்பும். வெள்ளிக்கிழமை தாஜ்மகாலுக்கு விடுமுறை, அன்றைக்கு அந்த ரயிலும் ஓடாது. மணாலி பஸ்கள் நிறைய காஷ்மீரி கேட் பக்கத்திலிருந்து சாயங்காலம் போகும். விடியற்காலை ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் ஊரின் மறுகோடியில் தங்கினால், அந்த ராத்திரி அலாரத்தை நினைத்துக்கொண்டே தூக்கம் போய்விடும்.

இனி பேட்டைகள். புது தில்லி ஸ்டேஷனுக்கு இரண்டு வாசல். பஹார்கஞ்ச் பக்கம் இறங்கினால் எதிரிலேயே மலிவான லாட்ஜ்கள், சந்துக்குள் சந்து. தனியாக ஊர் சுற்றுகிற பையன்களுக்குச் சரி. புதுப்பெண்ணை அழைத்துக்கொண்டு போகிற இடம் இல்லை என்பது என் கருத்து. அந்த வாசலில்தான் ஆள்பிடிகள் அதிகம். "உங்க ஓட்டல் மூடிட்டாங்க", "அந்த ஏரியாவில் கலாட்டா, ரோடு அடைச்சிருக்கு" என்று இந்தியிலும் உடைந்த ஆங்கிலத்திலும் சொல்வார்கள். நம்பாவிட்டால் ஓட்டலுக்கே போன் போட்டுத் தருவார்கள். மறுமுனையில் பேசுகிறவனும் அவர்கள் ஆள்தான். அங்கிருந்து 'டூரிஸ்ட் ஆபீஸ்' என்று போர்டு மாட்டிய ஏதோ ஒரு கடைக்குக் கூட்டிப் போய் இரட்டை விலையில் ரூமும் காரும் தலையில் கட்டுவார்கள். இந்திய அரசின் சுற்றுலா அலுவலகம் ஜன்பத் சாலையில் 88-ம் எண்ணில் இருக்கிறது. மற்ற போர்டுகளை நம்ப வேண்டாம். அஜ்மேரி கேட் பக்கம் இறங்கினால் மெட்ரோ அங்கேயே இருக்கிறது, விமான நிலைய ரயிலும் அங்கிருந்துதான். ஓட்டலின் நம்பரை ஊரிலேயே பேசிச் சரிபார்த்து வைத்துக்கொண்டு, யார் என்ன சொன்னாலும் அந்த நம்பருக்குத் தன் போனிலிருந்தே பேச வேண்டும்.

கரோல் பாக் நம்மவர்களுக்குப் பழகின பேட்டை. மெட்ரோ உண்டு, கடைத்தெரு உண்டு, இட்லி கிடைக்கும். ஓட்டல்கள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும், பெயர்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அங்கே ரூம் போடுகிறவர்களிடம் இரண்டு கேள்வி கேட்கச் சொல்வேன். அறைக்கு வெளியே பார்த்த ஜன்னல் உண்டா? இறங்க இரண்டாவது படிக்கட்டு உண்டா? முதல் கேள்வி மூச்சு முட்டாமல் இருக்க. ஜன்னலே இல்லாத உள்ளறைகள் அந்தப் பக்கம் சாதாரணம், படத்தில் திரைச்சீலை தொங்கும், திரையை விலக்கினால் சுவர். இரண்டாவது கேள்வி ஏன் என்றால், 2019 பிப்ரவரி 12 அன்று விடியற்காலையில் கரோல் பாக் அர்பித் பேலஸ் ஓட்டலில் தீப்பிடித்து 17 பேர் இறந்தார்கள். கேரளத்திலிருந்து கல்யாணத்துக்காக வந்த குடும்பத்தினரும் அதில் உண்டு. நடைபாதைகளில் பதித்திருந்த மரப்பலகையில் தீ வேகமாகப் பரவியதாக அப்போது செய்திகள் வந்தன. தேனிலவுக்குப் போகிறவர்களிடம் இதைச் சொல்லலாமா என்று என் தங்கை கடிந்துகொண்டாள். சொல்லத்தான் வேண்டும். அறைக்குள் போனவுடன் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற வரைபடத்தைப் பார்த்து, படிக்கட்டு வரை ஒரு தடவை நடந்துவிட்டு வர இரண்டு நிமிடம் ஆகுமா?

'ஏர்போர்ட் அருகில்' என்பது இன்னொரு மாயம். ஏரோசிட்டி என்றால் நட்சத்திர ஓட்டல்கள், வாசலில் மெட்ரோ, அகலச் சாலை. வாடகை தாளாது, ஆனால் ராத்திரி இறங்கிக் காலையில் மறு விமானம் பிடிக்கிறவர்களுக்கு வசதி. நெடுஞ்சாலைக்கு மறுபக்கம் மஹிபால்பூர். வரைபடத்தில் விரல் அளவு தூரம்தான். நேரில் போனால் விடிய விடிய லாரி, நடந்து கடக்க முடியாத சாலை, இந்தியா கேட் பார்க்கக் கிளம்பினால் போக வர அரை நாள் காலி. என் ஒன்றுவிட்ட தங்கை மகளுக்கு அங்கேதான் போட்டிருந்தார்கள், மாப்பிள்ளையின் நண்பர்கள் கொடுத்த கல்யாணப் பரிசாம்.

அந்த அறையில் அவளுக்கு வந்த சங்கடத்தையும் எழுதிவிடுகிறேன், பத்திரிகையில் யாரும் எழுதுவதில்லை. குளியலறைக்குச் சுவர் கிடையாது, கண்ணாடி. கட்டிலில் உட்கார்ந்திருப்பவருக்கு உள்ளே எல்லாம் தெரியும். இப்போது புது ஓட்டல்களில் இதுதான் ஃபேஷன் என்கிறார்கள். பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம், ஒரு வாரம்கூட ஆகவில்லை. அந்தப் பிள்ளை முகம் கழுவக்கூட கீழே லாபியில் இருந்த பொதுக் கழிப்பறைக்குப் போயிருக்கிறாள். நல்ல வேளையாக மாப்பிள்ளை புத்திசாலி. அவள் ஏன் அடிக்கடி கீழே போகிறாள் என்று புரிந்துகொண்டு, ரிசப்ஷனில் ஒரு படுக்கை விரிப்புக் கேட்டு வாங்கிக் கண்ணாடிக்கு மேல் தொங்கவிட்டாராம். சில ஓட்டல்களில் இறக்கிவிடுகிற திரை இருக்கும், சில இடங்களில் அந்தத் திரையின் கயிறே அறைப் பக்கம் இருக்கும்! முன்பதிவு செய்யும் முன்பே இதைக் கேட்பதில் வெட்கம் எதற்கு? கட்டில் ஒன்றா, இரட்டைக் கட்டில் தனித்தனியாகவா என்பதையும் சேர்த்தே கேட்டுவிடலாம்.

தைக் கல்யாணம் என்றால் தில்லி குளிரின் நடுவில் போய் இறங்குகிறோம். இரவில் 5, 6 டிகிரிக்கு இறங்குவது சகஜம், பனிமூட்டத்தில் ரயிலும் விமானமும் மணிக்கணக்கில் தாமதமாகும். நடுத்தர ஓட்டல்களில் இருக்கிற ஏசி பெரும்பாலும் குளிர மட்டும்தான் செய்யும். ஆயில் ஹீட்டர் உண்டா, அதற்கு நாள் வாடகை எவ்வளவு, வெந்நீர் நாள் முழுக்க வருமா, இன்னொரு ரஜாய் (பஞ்சுப் போர்வை) தருவார்களா என்று கேட்க வேண்டும். குடியரசு தினத்தை ஒட்டிய நாட்களில் ஊரின் நடுப்பகுதியில் சாலைகளை அடைப்பார்கள், ஒத்திகை நடக்கும், காலையில் குறிப்பிட்ட நேரத்துக்கு விமானம் இறங்காது. அப்போது கன்னாட் பிளேசில் தங்குகிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று: மகர சங்கராந்திக்குப் பிறகு வடக்கத்தியர்களுக்கும் முகூர்த்தம்தான். ஓட்டலில் கல்யாண ஹால் இருந்தால் பேண்டு வாத்தியமும் டிஜேயும் ஜன்னலை அதிர வைக்கும். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ம் ஆண்டிலேயே விதி வந்துவிட்டது. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு அது தெரியாது.

என்னைக் கேட்டால், கையில் கொஞ்சம் பணம் இருந்தால் ஜன்பத், கன்னாட் பிளேஸ் பக்கம். சாயங்காலம் இருவரும் காலாற நடக்கலாம், அங்கேயே இருக்கும் ராஜீவ் சௌக் நிலையத்தில் இரண்டு மெட்ரோ பாதைகள் சந்திக்கின்றன. அமைதி வேண்டுமானால் கிரீன் பார்க், ஹவுஸ் காஸ் பக்கத்துக் குடியிருப்புகளில் இருக்கும் சின்ன விருந்தினர் இல்லங்கள். மரங்களும் பூங்காவும் உண்டு, மெட்ரோவில் ஏறினால் குதுப் மினார் கிட்டத்தில். ஒரே குறை, ராத்திரி காலனி கேட்டுகளைப் பூட்டிவிடுவார்கள். எந்த கேட் திறந்திருக்கும் என்று கேட்டு வைத்துக்கொண்டால் போதும்.

அடையாள அட்டை விஷயத்திலும் பெண் வீட்டார் கவலைப்படுகிறார்கள். ஆதாரில் பெண்ணுக்கு அப்பா பெயரும் பழைய விலாசமும்தான் இருக்கும், அதைப் பார்த்து ரிசப்ஷனில் குறுக்கு விசாரணை செய்தால்? இருவரும் வயது வந்தவர்கள், ஆளுக்கொரு அட்டை இருந்தால் போதும். மணமாகாதவர்கள்கூட ஓட்டல் அறையில் ஒன்றாகத் தங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை என்று 2019 டிசம்பரில் ஒரு கோவை வழக்கில் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. சில ஓட்டல்கள் தங்களுக்கென்று ஒரு விதி வைத்திருப்பதால், வாய்ச் சண்டையைத் தவிர்க்கக் கல்யாணப் பத்திரிகையின் படம் ஒன்று போனில் இருந்தால் நல்லது. ஆதாரில் கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மறைப்புப் பிரதியைக் கொடுக்கலாம்.

பில்லைப் பற்றிச் சுருக்கமாக. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். ஆக, 7,400 ரூபாய் அறைக்கும் 7,600 ரூபாய் அறைக்கும் உண்மையான வித்தியாசம் 200 ரூபாய் இல்லை, ஆயிரத்துக்கும் மேல். சாப்பாட்டு பில்லில் சேவைக் கட்டணம் என்று தானாகச் சேர்த்தால் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 2022-ல் வந்த இந்த வழிகாட்டுதலை 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. பேசியும் எடுக்காவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை இப்படி ஒரு பக்கம் போடும்போது அன்னப்பறவை படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கி, ஒவ்வொரு ஓட்டலுக்கும் கீழே பேட்டையின் பெயர், நடந்து போகிற தூரத்தில் உள்ள மெட்ரோ நிலையம், அறை கொடுக்கும் நேரம், ஜன்னல், வரியோடு சேர்த்த வாடகை ஆகியவற்றைப் போடுங்கள். குளியலறைக்குச் சுவர் உண்டா என்பதையும்தான். மும்பை, கொல்கத்தா பற்றி எனக்குத் தெரியாது. அங்கே வாழ்ந்த வாசகர்கள் எழுதினால் அவர்கள் கடிதங்களையும் வெளியிடுங்கள். மார்கழி முடிவதற்குள் வந்தால், டிக்கெட் போடுகிறவர்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மத்திய அரசு ஊழியை,
மயிலாடுதுறை